ஹெவிவெயிட் குத்துச்சண்டை: முதலிடம் யாருக்கு என்பதில் சந்தேகமில்லை, இரண்டாம் இடத்தை யார் தீர்மானிப்பது?

கடந்த 19 ஆம் திகதி அமெரிக்காவின் மியாமி நகரில் அந்தோனி ஜோசுவாவும் ஜேக் போலும் மோதினர். நெட்ஃபிளிக்ஸ் ஊடாக உலகெங்கும் நேரடியாக ஒளிபரப்பான போட்டி அது. யூடியூப் மூலம் புகழ்பெற்று, பின்னர் குத்துச்சண்டைக்கு வந்த போலை, இரண்டு தடவை ஹெவிவெயிட் உலக சம்பியனாக இருந்த ஜோசுவா ஆறாவது சுற்றில் நொக் அவுட் முறையில் வென்றார். போலின் தாடை உடைந்தது. இவ்வருடத்தில் நடந்த ஹெவிவெயிட் போட்டிகளில் அதிகம் பேசப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால் உலகின் சிறந்த ஹெவிவெயிட் வீரர்களை வரிசைப்படுத்த முனையும் ஒருவருக்கு இந்தப் போட்டியால் கிடைக்கும் தகவல் ஏதுமில்லை. ஜோசுவா வெல்வார் என்பது அனைவரும் அறிந்ததே.

இதற்கு ஒரு வாரம் முன்னர், டிசம்பர் 12 ஆம் திகதி டுபாயில் வேறொரு போட்டி நடந்தது. ரஷ்யாவின் முராத் கசியேவ், 44 வயதான பல்கேரிய வீரர் குப்ராத் புலெவை நொக் அவுட் செய்து, உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் ‘உலக சம்பியன்’ பட்டத்தைப் பெற்றார். அதே சங்கத்தின் ‘சுப்பர் சம்பியன்’ பட்டம் உக்ரேனின் ஒலெக்சாண்டர் உசிக்கிடம் உள்ளது. அதாவது ஒரே அமைப்பு, ஒரே எடைப் பிரிவில், ஒரே நேரத்தில் இரண்டு சம்பியன்களை வைத்திருக்கிறது. இதே கசியேவை 2018 இல் மொஸ்கோவில் உசிக் தோற்கடித்தார் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

இந்த இரண்டு போட்டிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தொழில்முறைக் குத்துச்சண்டையின் பிரச்சினை விளங்கும். ஒன்று தரவரிசையைப் பற்றிக் கவலைப்படாமல் பணத்துக்காக நடந்தது. மற்றையது தரவரிசையின் பெயரால் நடந்தது, ஆனால் அந்தத் தரவரிசை எதைக் குறிக்கிறது என்பதே தெளிவில்லை. காற்பந்திலும் கிரிக்கெட்டிலும் லீக் அட்டவணையோ உலகக்கிண்ணமோ யார் முதலில், யார் அடுத்து என்பதைச் சொல்லிவிடும். குத்துச்சண்டையில் அப்படி ஒரு அட்டவணை இல்லை. யார் யாரோடு மோத வேண்டும் என்பதை எந்தப் பொது அமைப்பும் நிர்ணயிப்பதில்லை. ஆகவே தரவரிசையே அட்டவணையின் வேலையைச் செய்கிறது. அதைத் தயாரிப்பவரின் கையில்தான் ஒரு வீரரின் வாழ்க்கையும் வருமானமும் தங்கியுள்ளது.

நான்கு அமைப்புகள், நான்கு வரிசைகள்

ஹெவிவெயிட் என்பது 200 இறாத்தலுக்கு, அதாவது சுமார் 90.7 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடைப் பிரிவு. மேல் எல்லை கிடையாது. 2024 டிசம்பரில் ரியாத்தில் நடந்த இரண்டாவது மோதலின்போது உசிக்கின் எடை 226 இறாத்தலாகவும் டைசன் பியூரியின் எடை 281 இறாத்தலாகவும் பதிவானது. 55 இறாத்தல் வித்தியாசத்தில் வேறெந்தப் பிரிவிலும் இருவரை மோதவிட மாட்டார்கள்.

இப்பிரிவில் உலக சம்பியன் பட்டம் வழங்கும் பிரதான அமைப்புகள் நான்கு. உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் வேர் 1921 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தேசியக் குத்துச்சண்டைச் சங்கத்தில் உள்ளது. 1962 இல் அது தற்போதைய பெயரைப் பெற்றது. உலகக் குத்துச்சண்டைப் பேரவை 1963 இல் மெக்சிக்கோவில் உருவானது. சர்வதேச குத்துச்சண்டைச் சம்மேளனம் 1983 இலும், உலகக் குத்துச்சண்டை அமைப்பு 1988 இலும் வந்தன. இவை அரசாங்க நிறுவனங்களும் அல்ல, ஒலிம்பிக் குழுவின் கீழ் வருபவையும் அல்ல. பட்டத்துக்கான போட்டி நடக்கும்போது வீரர்களின் ஊதியத்திலிருந்து, வழமையாக 3 வீதம் வரை, கட்டணம் அறவிடுவதே இவற்றின் பிரதான வருமானம்.

ஒவ்வொரு அமைப்பும் மாதந்தோறும் தனது தரவரிசையை வெளியிடுகிறது. ஓர் அமைப்பின் சம்பியன் மற்ற அமைப்புகளின் வரிசையில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. வரிசையில் முன்னணியில் உள்ளவர் ‘கட்டாய சவாலாளர்’ ஆகிறார். குறிப்பிட்ட காலத்துக்குள் சம்பியன் அவருடன் மோத வேண்டும், இல்லாவிட்டால் பட்டத்தைக் கைவிட வேண்டும். கேட்பதற்கு நியாயமான ஏற்பாடுதான். ஒருவரிடம் நான்கு பட்டங்களும் சேரும்போது சிக்கல் தொடங்குகிறது. நான்கு அமைப்புகள், நான்கு கட்டாய சவாலாளர்கள். ஒரு ஹெவிவெயிட் சம்பியன் வருடத்துக்கு இரண்டு போட்டிகளில் பங்கேற்பதே பெரிய காரியம். ஆகவே பட்டங்களைச் சேர்ப்பவர் அவற்றை ஒவ்வொன்றாக இழப்பது தவிர்க்க முடியாததாகிறது.

உசிக்கின் அனுபவம் இதற்குச் சிறந்த உதாரணம். 2024 மே 18 ஆம் திகதி ரியாத்தில் பியூரியை வென்று, 1999 இல் லெனொக்ஸ் லூயிஸுக்குப் பின்னர் மறுப்புக்கிடமற்ற ஹெவிவெயிட் சம்பியனான முதலாவது வீரர் ஆனார். நான்கு பட்டிகளையும் ஒன்றாக வைத்திருந்த முதலாவது ஹெவிவெயிட் வீரரும் அவரே. அடுத்த மாதமே சர்வதேச சம்மேளனத்தின் பட்டத்தை அவர் கைவிட வேண்டியதாயிற்று. அது பிரித்தானியாவின் டானியல் டுபுவாவுக்கு, அவர் சம்பியனுடன் மோதாமலே வழங்கப்பட்டது. 2025 ஜூலை 19 ஆம் திகதி வெம்பிளியில் டுபுவாவை ஐந்தாவது சுற்றில் வீழ்த்தி உசிக் அதை மீளப் பெற்றார். நவம்பரில் உலகக் குத்துச்சண்டை அமைப்பின் பட்டத்தைக் கைவிட்டார். அது மற்றொரு பிரித்தானியரான பாபியோ வார்ட்லிக்குச் சென்றது. இரண்டு வருடங்களுக்குள் இரண்டு தடவை, வளையத்துக்குள் தோற்காத ஒருவரின் பட்டம் அலுவலகத்தில் கைமாறியிருக்கிறது.

இது புதிய கதையல்ல. 2015 நவம்பரில் விளாடிமிர் கிளிச்கோவை வீழ்த்திய பியூரியிடமிருந்து இரண்டு வாரங்களுக்குள் சர்வதேச சம்மேளனம் தனது பட்டத்தைப் பறித்தது. ஒப்பந்தப்படி கிளிச்கோவுடன் மறுபோட்டிக்குத் தயாரானார் என்பதே அவர் செய்த குற்றம். அந்தப் பட்டம் சார்ள்ஸ் மார்ட்டினிடம் போய், 2016 ஏப்ரலில் அவரிடமிருந்து ஜோசுவாவிடம் வந்தது. ஜோசுவா முதன்முதலில் ‘உலக சம்பியன்’ ஆனது இவ்வாறுதான். 1992 டிசம்பரில் ரிடிக் போவ் தனது பட்டியைப் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் குப்பைத் தொட்டியில் போட்டதும், லூயிஸுடன் மோத வேண்டும் என்ற உலகப் பேரவையின் கட்டாயத்தை ஏற்க மறுத்தபோதே.

தரவரிசையின் கறைபடிந்த வரலாறு

அமைப்புகளின் வரிசைகளை ரசிகர்கள் நம்பாததற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. 1977 இல் டொன் கிங் ஏற்பாடு செய்து ஏ.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பிய அமெரிக்கச் சம்பியன் தொடர் இடைநடுவில் நிறுத்தப்பட்டது. அதில் பங்கேற்ற சில வீரர்களின் பெறுபேறுகளும் தரநிலைகளும் ‘த ரிங்’ சஞ்சிகையில் பொய்யாகக் காட்டப்பட்டிருந்தமை அம்பலமானதே காரணம். குத்துச்சண்டையின் வேதம் என்று அழைக்கப்பட்ட சஞ்சிகை அது.

1999 இல் சர்வதேச சம்மேளனத்தின் நிறுவுனர் தலைவர் பொப் லீ மீது அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்தது. தரவரிசையில் இடமளிப்பதற்குப் பணம் பெற்றார் என்பது முக்கிய குற்றச்சாட்டு. முன்னணி ஏற்பாட்டாளரான பொப் ஆரம், தாம் 100,000 டொலர் கொடுத்ததாகச் சாட்சியமளித்தார். 1995 இல் ஜோர்ஜ் போர்மனுக்கும் ஜேர்மனியின் அக்செல் ஷூல்ஸுக்கும் இடையிலான போட்டிக்கு அங்கீகாரம் பெறுவதற்கான பணம் அது. லஞ்சம் தொடர்பான குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவற்றிலிருந்து லீ விடுவிக்கப்பட்டாலும், வரி ஏய்ப்பு, பணச் சலவை ஆகியவற்றுக்காகத் தண்டிக்கப்பட்டார்.

உலகக் குத்துச்சண்டை அமைப்பின் கதை இன்னும் விசித்திரமானது. டரின் மொரிஸ் என்ற சுப்பர் மிடில்வெயிட் வீரர் 2000 ஒக்டோபரில் இறந்துவிட்டார். அதன் பின்னரும் அவர் அமைப்பின் வரிசையில் நீடித்ததோடு, 7 ஆம் இடத்திலிருந்து 5 ஆம் இடத்துக்கு முன்னேறியும் இருந்தார். இறந்தவரை முன்னேற்றிய வரிசை என்று இன்றும் அது பேசப்படுகிறது.

இந்தச் சூழலில்தான் 2000 ஆம் ஆண்டு அமெரிக்க காங்கிரஸ் முஹம்மது அலி குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. தரவரிசைக்கான அளவுகோல்களை அமைப்புகள் பகிரங்கப்படுத்த வேண்டும், மாற்றங்களுக்கு விளக்கமளிக்க வேண்டும், ஏற்பாட்டாளரும் வீரரின் முகாமையாளரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பன அதன் முக்கிய ஏற்பாடுகள். போட்டியை விற்பவர் வேறு, வீரரை வரிசைப்படுத்துபவர் வேறு என்ற கோடு அன்று வரையப்பட்டது.

எமது அளவுகோல்கள்

குறை சொல்வது எளிது. ஆகவே தற்போதைய ஹெவிவெயிட் வரிசையை நாமே தயாரித்துப் பார்ப்போம். அதற்கு நான்கு அளவுகோல்கள்.

முதலாவது, யாரை வென்றார் என்பது. தோல்வியற்ற சாதனை மட்டும் போதாது. தம்மை விடத் தரத்தில் குறைந்த இருபது பேரை வென்றவரை விட, நல்ல மூவரை வென்று ஒருவரிடம் தோற்றவர் மேலானவர். இரண்டாவது, எப்போது வென்றார். ஒரு வருடத்துக்கு மேல் வளையத்துக்குள் வராதவர் வரிசையில் இடம்பெறமாட்டார். மூன்றாவது, எப்படி வென்றார். மத்தியஸ்தரின் அவசர முடிவும் சந்தேகத்துக்குரிய புள்ளிகளும் குறைந்த மதிப்பே பெறும். நான்காவது, நேருக்கு நேர் பெறுபேறு. ஒருவரை அண்மையில் வென்றவர் அவருக்கு மேல் இருக்க வேண்டும், பின்னர் நடந்த ஏதாவதொன்று அதை மாற்றினாலன்றி.

யாரிடம் எந்தப் பட்டி இருக்கிறது என்பது இந்த அளவுகோல்களில் இல்லை. யாருக்கு அதிக பார்வையாளர்கள் என்பதும் இல்லை.

வரிசை

1. ஒலெக்சாண்டர் உசிக், உக்ரேன். 24 போட்டிகள், 24 வெற்றிகள், 15 நொக் அவுட்டுகள். இதில் விவாதத்துக்கு இடமில்லை. ரஷ்யா 2014 இல் ஆக்கிரமித்த கிரிமியாவின் சிம்பெரோபோலில் 1987 இல் பிறந்தவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம். 2018 இல் குரூசர்வெயிட் பிரிவின் நான்கு பட்டங்களையும் சேர்த்தார். ஹெவிவெயிட்டுக்கு வந்தபின் ஜோசுவா, பியூரி, டுபுவா ஆகிய மூவரையும் தலா இரண்டு தடவை வென்றுள்ளார். 2022 பெப்ரவரியில் போர் மூண்டபோது பிராந்தியப் பாதுகாப்புப் படையில் இணைந்து துப்பாக்கி ஏந்தியவர், அதே வருடம் ஓகஸ்டில் ஜெட்டாவில் ஜோசுவாவை மீண்டும் வென்றார்.

அவர் மீதான ஒரே கேள்விக்குறி 2023 ஓகஸ்டில் போலந்தின் விரொட்ஸ்வாவ் நகரில் டுபுவாவுடனான முதல் போட்டி. ஐந்தாவது சுற்றில் டுபுவாவின் குத்து உசிக்கை வீழ்த்தியது. இடுப்புப் பட்டிக்குக் கீழான குத்து என்று மத்தியஸ்தர் தீர்ப்பளித்து ஓய்வு கொடுத்தார். அது சரியான குத்தே என்று டுபுவா தரப்பு வாதிட்டது. இவ்வருடம் வெம்பிளியில் அந்த வாதம் முடிவுக்கு வந்தது.

2. அஜித் கபயெல், ஜேர்மனி. 26 வெற்றிகள், தோல்வியில்லை. குர்திஷ் வம்சாவளியைச் சேர்ந்த இவரது பெயர் பொது ரசிகர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கடந்த மூன்று போட்டிகளைப் பாருங்கள். 2023 டிசம்பரில் அதுவரை தோற்காத அர்ஸ்லான்பெக் மக்மூதொவ் நான்காவது சுற்றில் வீழ்ந்தார். 2024 மேயில் அதுவரை தோற்காத கியூபாவின் பிராங் சான்செஸ் ஏழாவது சுற்றில். 2025 பெப்ரவரியில் சீனாவின் ஷாங் ஷிலெய் ஆறாவது சுற்றில். ஷாங்குடனான போட்டியில் ஐந்தாவது சுற்றில் கபயெலே தரையில் விழுந்து, எழுந்து, அடுத்த சுற்றில் முடித்தார். மக்மூதொவும் ஷாங்கும் அவரை விடப் பருமனானவர்கள். மூவரையும் முடித்தது தலைக்கு அல்ல, விலாவுக்கும் வயிற்றுக்கும் விழுந்த குத்துகள்.

அவரிடம் உலகப் பேரவையின் ‘இடைக்கால சம்பியன்’ பட்டம் உள்ளது. சம்பியனுடன் மோதும் முறை தமக்கு வரும் என்று பெப்ரவரியிலிருந்து காத்திருக்கிறார். வரும் ஜனவரி 10 ஆம் திகதி ஓபர்ஹவுசனில் போலந்தின் டமியன் கினிபாவுடன் மோதவுள்ளார். இதற்கிடையில் உசிக்கின் அடுத்த எதிராளியாக அமெரிக்காவின் டியொன்டே வைல்டரின் பெயர் பேசப்படுகிறது. வைல்டர் 2020 இலிருந்து பியூரியிடம் இரண்டு தடவையும், பார்க்கரிடமும் ஷாங்கிடமும் ஒவ்வொரு தடவையும் தோற்றவர். கபயெல் வீழ்த்திய ஷாங்கே வைல்டரையும் வீழ்த்தினார். ஒரு தரவரிசைக்கு ஏதாவது அர்த்தம் இருக்குமானால் முறை யாருடையது என்பதை விளக்கத் தேவையில்லை.

3. பாபியோ வார்ட்லி, பிரித்தானியா. 20 வெற்றிகள், ஒரு சமநிலை, 19 நொக் அவுட்டுகள். ஒலிம்பிக் பின்னணியோ முறையான அமெச்சூர் அனுபவமோ இல்லாமல், அலுவலக ஊழியர்கள் பொழுதுபோக்காகப் பங்கேற்கும் போட்டிகளிலிருந்து வந்தவர். கடந்த ஜூனில் தனது ஊரான இப்ஸ்விச்சில், புள்ளிகளில் வெகுவாகப் பின்தங்கியிருந்த நிலையில், அவுஸ்திரேலியாவின் ஜஸ்டிஸ் ஹுனியை பத்தாவது சுற்றில் ஒரே குத்தில் சாய்த்தார். ஒக்டோபர் 25 ஆம் திகதி லண்டனில் ஜோசப் பார்க்கரை 11 ஆவது சுற்றில் வென்றார். மத்தியஸ்தர் சற்று முன்கூட்டியே நிறுத்தினார் என்று கருதுவோர் உண்டு. பார்க்கர் பதிலடி கொடுக்காமல் குத்துகளை வாங்கிக்கொண்டிருந்ததையும் மறுக்க முடியாது. பட்டம் அலுவலகம் வழியாக வந்தது அவரது தவறல்ல. ஆனால் மூன்று தரமான வெற்றிகள் கொண்ட கபயெலுக்கு மேல் அவரை வைக்க அந்தப் பட்டம் மட்டும் போதாது.

4. டானியல் டுபுவா, பிரித்தானியா. 22 வெற்றிகள், 3 தோல்விகள். தோல்விகளில் இரண்டு உசிக்கிடம். 2024 ஜூனில் குரோஷியாவின் பிலிப் ஹர்கோவிச்சையும், செப்டெம்பரில் வெம்பிளியில் ஜோசுவாவையும் நிறுத்தினார். ஜோசுவாவைத் திரும்பத் திரும்ப வீழ்த்தி ஐந்தாவது சுற்றில் முடித்தது கடந்த சில வருடங்களில் இப்பிரிவில் நடந்த மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று. உசிக்கிடம் தோற்றதற்காக ஒருவரை இதைவிடக் கீழே தள்ளுவது நியாயமில்லை.

5. ஜோசப் பார்க்கர், நியூசிலாந்து. 36 வெற்றிகள், 4 தோல்விகள். 2023 டிசம்பரில் வைல்டர், 2024 மார்ச்சில் ஷாங், 2025 பெப்ரவரியில் மார்ட்டின் பக்கோலே என்று இவர் வென்றவர்களின் பட்டியல் உசிக்குக்கு அடுத்ததாகச் சிறந்தது என்று சொல்லலாம். இவருக்குக் கிடைக்க வேண்டிய வாய்ப்பு பல தடவை தள்ளிப்போனது. பெப்ரவரியில் டுபுவாவுடன் மோதவிருந்தார், டுபுவா நோய்வாய்ப்பட்டார். பின்னர் உசிக்கின் கட்டாய சவாலாளரானார், உசிக் காயம் காரணமாக அவகாசம் கேட்டார். சும்மா இருக்க விரும்பாமல் வார்ட்லியுடன் மோதி அந்த இடத்தையும் இழந்தார். வார்ட்லி போட்டி நாளன்று எடுக்கப்பட்ட பரிசோதனை தொடர்பான விவகாரம் முடியும்வரை இவரது இந்த இடம் தற்காலிகமானதே.

6. பிலிப் ஹர்கோவிச், குரோஷியா. 19 வெற்றிகள், ஒரு தோல்வி. ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். டுபுவாவிடம் தோற்றபின் இவ்வருடம் ஏப்ரலில் ஜோ ஜொய்ஸையும் ஓகஸ்டில் டேவிட் அடிலேயையும் வென்று மீண்டு வந்துள்ளார்.

7. மோசஸ் இட்டாவுமா, பிரித்தானியா. 13 வெற்றிகள், 11 நொக் அவுட்டுகள். இன்னும் சில நாட்களில்தான் 21 வயதாகிறது. ஓகஸ்டில் ரியாத்தில் டிலியன் வைற்றை இரண்டு நிமிடங்களுக்குள் முடித்தார். திறமையை மட்டும் பார்த்தால் இரண்டாம் இடம் கொடுக்கத் தோன்றும். ஆனால் வைற் அப்போது 37 வயதானவர், அவரது சிறந்த காலம் கடந்திருந்தது. இட்டாவுமா இன்னும் ஆறு சுற்றுகளைத் தாண்ட வேண்டிய, தாம் அடிவாங்க வேண்டிய ஒரு போட்டியைச் சந்திக்கவில்லை. அமைப்புகள் சில அவரை மிக மேலே வைத்திருப்பது எதிர்பார்ப்பின் அடிப்படையில். எமது வரிசை நடந்ததை மட்டுமே கணக்கிலெடுக்கிறது.

இருவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டைசன் பியூரி 2024 டிசம்பரில் உசிக்கிடம் மூன்று நடுவர்களும் 116-112 என்று புள்ளியிட்ட போட்டியில் தோற்றார். 2025 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார். அவர் பலமுறை ஓய்வுபெற்றுத் திரும்பியவர். இம்முறையும் திரும்பலாம். திரும்பும் நாளில் இரண்டாம் இடத்துக்கு உரிமை கோரலாம். இன்று அவருக்கு இடமில்லை. ஜோசுவாவின் கடைசி உண்மையான போட்டி 15 மாதங்களுக்கு முன்னர் டுபுவாவிடம் கண்ட தோல்வி. மியாமி வெற்றியை நாம் கணக்கிலெடுக்கவில்லை. ஆகவே அவரும் வெளியே. இவர்கள் இருவரும் மோதினால் இந்த ஏழு பேரில் எந்த இருவர் மோதுவதை விடவும் அதிக பணம் புரளும் என்பதும் உண்மை. தரவரிசை ஏன் தேவை என்பதற்கு அதுவே விளக்கம்.

புதிய ஆபத்து

நான்கு அமைப்புகளின் மீதும் ரசிகர்களுக்கு உள்ள கோபத்தை இப்போது ஒரு பெரிய பணபலம் பயன்படுத்திக்கொள்கிறது. அண்மைக்காலத்தின் மிகப் பெரிய ஹெவிவெயிட் போட்டிகளில் பலவற்றின் பின்னணியில் சவூதி அரேபியாவின் பணம் உள்ளது. நடக்காது என்று கருதப்பட்ட போட்டிகள் அந்தப் பணத்தால் நடந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உசிக், பியூரி போட்டியும் அதில் அடங்கும். ஆனால் அந்தப் போட்டிகளின் பிரதான சூத்திரதாரியான துர்கி அல்ஷேக், 2024 இறுதியில் ‘த ரிங்’ சஞ்சிகையையும் வாங்கினார். போட்டிகளை நடத்துபவரே, வீரர்களை வரிசைப்படுத்தும் பிரபல சஞ்சிகையின் உரிமையாளராகவும் இருக்கிறார். சஞ்சிகையின் வரிசை நேர்மையாகவே தயாரிக்கப்படலாம். அது நேர்மையானது என்று வெளியிலிருப்பவர் உறுதிப்படுத்துவதற்கான வழி குறைந்துவிட்டது.

அடுத்து, யு.எப்.சி. நிறுவனத்தை நடத்தும் டி.கே.ஓ. குழுமம் சவூதியுடன் கூட்டுச் சேர்ந்து ‘சூபா பொக்சிங்’ என்ற புதிய அமைப்பை ஜனவரியில் தொடங்கவுள்ளது. நான்கு அமைப்புகளின் பட்டங்களையும் ஒதுக்கிவிட்டு, தனது முறையில் சம்பியன்களைத் தெரிவுசெய்வது அதன் நோக்கம். கடந்த ஜூலையில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அலி சட்டத்தைத் திருத்தும் சட்டமூலம் ஒன்றும் முன்வைக்கப்பட்டது. அது நிறைவேறினால், போட்டிகளை ஏற்பாடு செய்யும் ஒரே நிறுவனம் தனது வீரர்களைத் தானே வரிசைப்படுத்தவும் பட்டம் வழங்கவும் சட்டபூர்வ இடம் கிடைக்கும். 2000 இல் வரையப்பட்ட கோடு அழிக்கப்படும்.

ஒரே நிறுவனம், ஒரே சம்பியன், குழப்பமில்லை என்பது இதற்கான வாதம். ரசிகர்களுக்கு அது கவர்ச்சியானதே. ஆனால் அந்த முறை கலப்புத் தற்காப்புச் சண்டையில் எப்படி இயங்கியது என்பதைப் பார்க்க வேண்டும். யு.எப்.சி. சந்தை ஆதிக்கத்தைப் பயன்படுத்தித் தமது ஊதியத்தைக் குறைத்து வைத்தது என்று முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கு 375 மில்லியன் டொலர் இணக்கப்பாட்டில் முடிந்தது. வேறு ஏற்பாட்டாளரிடம் போக வழியில்லாத, தனது தரவரிசையைத் தனது முதலாளியே எழுதும் ஒரு வீரருக்கு ஊதியம் பற்றிப் பேரம் பேசும் பலம் எங்கிருந்து வரும்?

மறுபக்கத்தில், பழைய அமைப்புகளும் தமக்காகப் பேசுவோரைச் சங்கடப்படுத்துகின்றன. இம்மாதம் உலகப் பேரவை, செப்டெம்பரில் கனெலோ அல்வாரெஸை வென்ற டெரன்ஸ் குரோபோர்டின் பட்டத்தைப் பறித்தது. காரணம் தோல்வியல்ல, எதிராளியைத் தவிர்த்ததுமல்ல. அங்கீகாரக் கட்டணம் செலுத்தப்படவில்லை என்பதே.

வளையத்துக்குள் விளைவு

தரவரிசை என்பது ரசிகர்களின் வாய்த்தர்க்கத்துக்கான விடயம் மட்டும் அல்ல. தகுதியில்லாத ஒருவரை ஆவணத்தில் தகுதியுள்ளவராகக் காட்டும்போது, அந்தப் பொய்யின் விலையை அவரது தலை செலுத்துகிறது. கடந்த ஓகஸ்டில் டோக்கியோவின் கொரகுவென் மண்டபத்தில் ஒரே இரவில் போட்டியிட்ட இரண்டு ஜப்பானிய வீரர்கள் மூளையில் ஏற்பட்ட காயங்களால் உயிரிழந்தனர். அவர்கள் சம எதிராளிகளுடன், ஒழுங்காக மேற்பார்வை செய்யப்பட்ட போட்டிகளில் மோதியவர்கள். சமமானவர்களுக்கிடையிலேயே இந்த ஆபத்து உண்டென்றால், பார்வையாளர் எண்ணிக்கைக்காகவோ கட்டணத்துக்காகவோ சமமற்றவர்களை மோதவிடுவது எத்தகைய சூதாட்டம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

செய்யக்கூடியவை உண்டு. 2012 இல் ஆரம்பிக்கப்பட்ட சர்வதேச குத்துச்சண்டைத் தரவரிசைச் சபை, பல நாடுகளின் பத்திரிகையாளர்கள் ஊதியமின்றி இணைந்து இயங்கும் ஒன்று. பட்டம் விற்பதுமில்லை, போட்டி நடத்துவதுமில்லை. அதன் வரிசையோடு நாம் சில இடங்களில் உடன்படாமல் போகலாம். ஆனால் ஏன் இந்த இடம் என்று கேட்டால் வாதிடக்கூடிய பதில் கிடைக்கும். இத்தகைய வரிசை ஒன்றை, போட்டிகளுக்கு அனுமதி வழங்கும் அரச ஆணைக்குழுக்களும் ஒளிபரப்பு நிறுவனங்களும் அடிப்படையாக ஏற்றுக்கொண்டால் நான்கு அமைப்புகளின் பிடியும், புதிதாக வரும் ஒற்றைப் பிடியும் ஒருசேரத் தளரும். அவர்கள் அதற்கு முன்வருவதற்கான அறிகுறிகள் இப்போதைக்குத் தென்படவில்லை.

உசிக்குக்கு வரும் ஜனவரியில் 39 வயதாகிறது. இன்னும் இரண்டு அல்லது மூன்று போட்டிகளில் அவர் விடைபெறக்கூடும். அவர் இருக்கும்வரை முதலிடம் பற்றிய விவாதம் எழாது. எல்லாரையும் அவரே வென்றுவிட்டதால் அமைப்புகளின் குழறுபடிகள் பெரிதாகத் தெரியவில்லை. அவர் போன மறுநாள் நான்கு பட்டிகளும் நான்கு திசைகளில் பிரியும். ஐந்தாவதாகப் புதிய நிறுவனத்தின் பட்டியும் சேரும். அப்போது யார் முதல்வர் என்ற கேள்விக்கு ஐந்து பதில்கள் இருக்கும்.

அதற்கு முன்னர் நடக்க வேண்டியது ஒன்றுதான். முதலாமவர் இரண்டாமவரோடு மோத வேண்டும். எமது வரிசைப்படி அந்த இரண்டாமவர் ஜனவரி 10 ஆம் திகதி ஓபர்ஹவுசனில் வளையமேறுகிறார். அவருக்கு வாய்ப்புக் கிடைக்கிறதா, அல்லது இன்னொரு பெரிய பெயர் அவரைத் தாண்டிச் செல்கிறதா என்பதைப் பார்த்தால் போதும். ஹெவிவெயிட் பிரிவில் தரவரிசைக்கு இன்னும் மதிப்பிருக்கிறதா என்பது 2026 இன் முதற்பாதியிலேயே தெரிந்துவிடும்.